நாலாவது பிஸ்டன்

அந்தக் கம்பெனி ஒரு டயர் கடைக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் பிறந்தது. பந்தய வண்டிகளுக்குப் பிஸ்டன் செய்தார்கள். முதலாளி வாயால் விற்றார். அவர் மனைவி தராசால் பெயரைக் காப்பாற்றினார். இரண்டில் எது கம்பெனியை வளர்த்தது என்று கேட்டால், தொழிலாளிகள் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "டயர் கடைக்காரர் வாடகை கேக்காததுதாங்க" என்பார்கள்.

ஓர் எஞ்சினுக்குள் ஓடும் நாலு பிஸ்டனும் ஒரே எடையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேகம் ஏற ஏற எஞ்சின் உதறும். மற்ற கம்பெனிகளில் கனமானதைச் சுரண்டி இளைக்க வைப்பார்கள். சுரண்டிய இடத்தில் பலம் போய்விடும் என்பது முதலாளி மனைவியின் கட்சி. கூடை கூடையாக எடை போட்டு, தானாக ஒத்துப்போகும் நாலைத்தான் ஒன்று சேர்ப்பார். சேராதவை எடை அறை மூலையில் ஒரு ரேக்கில் காத்திருக்கும். பட்டறையில் அதற்கு ஒண்டிக்கட்டை ரேக் என்று பெயர். அவருக்குத் தராசம்மா என்று பெயர்.

"என்னம்மா, போன வருஷத்து மாப்பிள்ளைக்கு இன்னும் பொண்ணு அமையலியா?" என்று லேத்தில் நிற்கும் கடைசல்காரர் வம்பிழுப்பார்.

"அவன் எடைக்கு ஏத்தவ வரட்டும். உன்ன மாதிரி அவசரப்பட்டு மாட்டிக்கச் சொல்றியா?"

முதலாளியின் பழக்கம் வேறு. விலையில் சல்லிக்காசு இறங்கமாட்டார். ஆனால் பேரம் படிந்து கைகுலுக்கும்போது கொசுறாக ஏதாவது கொடுக்காமல் ஆளை அனுப்பமாட்டார். ஒரு டப்பா கிரீஸ், ஒரு வளையம். எதுவும் அகப்படாவிட்டால் சட்டைப்பையில் இருக்கும் பேனா. அப்படிப் போன பேனாக்களை வைத்தே இன்னொரு கடை திறந்திருக்கலாம்.

ஒரே மகன் பந்தயக்காரன். அப்பாவிடம் பேரமே பேசாமல் சரக்கு எடுத்துப்போன ஒரே வாடிக்கையாளன் அவன்தான். "நீங்க அம்மாவைக் கட்டும்போது தாத்தா கொடுத்த கொசுறுதாம்பா நான்" என்று கண்ணடிப்பான். ஒரு பந்தயத்தில் டயர் வெடித்து வண்டி சுவரில் மோதியது. அவன் வீடு திரும்பவில்லை. எஞ்சின் திரும்பியது.

பிரித்துப் பார்த்தபோது மூன்று பிஸ்டன் முழுசாக இருந்தன, ஒன்று பிளந்து கிடந்தது. தராசம்மா அந்த மூன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, அவன் பழைய சட்டைத் துணியில் சுற்றி, ஒண்டிக்கட்டை ரேக்கின் மேல்தட்டில் வைத்தார். புதுச் சரக்கு வரும்போதெல்லாம் நாலாவதைத் தேடினார். நாலும் சேர்ந்தால் அந்த எஞ்சினை மறுபடி கட்டி, ஒரே ஒரு தடவை ஓடவிட்டுக் கேட்க வேண்டும். அவன் வருவதைத் தெருமுனையிலேயே சொல்லிவிடும் சத்தம் அது. பழைய அச்சில் வார்த்த பிஸ்டன்தான் அதில் பொருந்தும் என்பதால் அச்சையும் யாரையும் தொடவிடவில்லை.

இது முதலாளிக்குத் தெரியாது. மகன் பேச்சு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அவன் போன பிறகு எடை அறைக்குள் அவர் கால் வைத்ததேயில்லை. அவர் கேட்கவில்லை, தராசம்மா சொல்லவில்லை. ஊர் விஷயமெல்லாம் பேசித் தீர்க்கும் தம்பதி, சொந்த விஷயத்தில் அப்படி.

பிறகு எல்லாப் பிஸ்டனையும் ஒரே எடையில் துப்பும் இயந்திரங்கள் வந்தன. ஆர்டர்கள் இளைத்தன. பெரிய கம்பெனி ஒன்று வாங்க வந்தது. அதன் மேனேஜரும் முதலாளியும் சளைக்காமல் இழுத்தார்கள். கடைசியில் பேரம் படிந்ததும் மேனேஜர் சிரித்தார்.

"உங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன் சார். எனக்குக் கொசுறு கிடையாதா?"

முதலாளி சட்டைப்பையைத் தடவினார். பேனாவை அன்று காலையிலேயே யாருக்கோ கொடுத்தாயிற்று.

"எடை ரூம்ல ஒரு ரேக் இருக்கு. ஜோடி சேராத சரக்கு. ரேக்கோட தூக்கிக்குங்க. அலுமினியம் கசக்குமா என்ன?"

கைகுலுக்கினார்கள்.

பழைய அச்சின் கடைசி வார்ப்பு கடைசலுக்கு வந்திருந்த நாள். தராசம்மா கடைசல் கொட்டகையிலேயே தராசைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கூடை காலியாகிக்கொண்டே வந்தது. அடியில் கிடந்த ஒன்றை வைத்தபோது முள் அந்த மூன்றின் எடையில் போய் அப்படியே நின்றது. தராசம்மா அதை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். கடைசல்காரர் மெஷினை நிறுத்தினார்.

"என்னம்மா, அமைஞ்சுடுச்சா?"

தராசம்மா எழுந்துவிட்டார். தலையை மட்டும் ஆட்டி, பிஸ்டனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எடை அறைக்கு ஓடினார்.

மூலையில் ரேக்கின் கால் பதிந்த தடங்கள்தான் இருந்தன.

"முதலாளி கொடுத்துட்டாரும்மா, வாங்கினவங்களுக்குக் கொசுறா" என்றார் ஸ்டோர்காரர். "காலையிலயே லாரியில ஏத்திட்டாங்க."

முதலாளிக்கு அப்போதுதான் எல்லாம் சொல்லப்பட்டது. சொன்னது கடைசல்காரர். முதலாளி செருப்பைக்கூட மாட்டாமல் வண்டியில் ஏறினார்.

பெரிய கம்பெனியின் உலைக்காரர் நல்ல மனிதர். யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"துணியில சுத்தி மூணு... ஆமா சார், இருந்துச்சு. துணி புகையும்னு கழட்டிட்டுத்தான் போட்டேன்."

துணியை எடுத்துக் கொடுத்தார். உருக்கி வெளியே விற்கும் பழைய அலுமினியத்தோடு உலையில் எல்லாம் ஒன்றாகக் கொதித்துக்கொண்டிருந்தது. எது ஜன்னல் சட்டமாகும், எது குக்கர் மூடியாகும் என்று யாரும் சொல்ல முடியாது. மேனேஜருக்கே மனசு கேட்கவில்லை. பளபளவென்று புதுப் பிஸ்டன் ஒன்றைப் பெட்டியோடு நீட்டினார்.

"இதையாவது வச்சுக்குங்க சார். சும்மா, கொசுறா."

முதலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேணாம்பா."

வீட்டில் தராசம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் நாலாவது பிஸ்டன். முதலாளியின் கையில் துணி மட்டும் இருப்பதைப் பார்த்தார். ஆயிரம் பேரிடம் ஆயிரம் கதை சொல்லி விற்ற மனிதர், வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க" என்றார் தராசம்மா. "எவ்வளவுக்குப் போட்டுப் பேசினீங்க, அந்த ரேக்கை?"

"சும்மாதான் கொடுத்தேம்மா."

தராசம்மா துணியை வாங்கி உதறினார். மடியிலிருந்த பிஸ்டனை அதில் வைத்துச் சுற்றத் தொடங்கினார். மூன்றைச் சுற்றியிருந்த துணி. ஒன்றுக்கு நிறைய மிஞ்சியது.