அரைச் சேதம்

வைரக்கண்ணுவின் வலதுகால் பெருவிரலில் அரிதாள் குத்தியிருந்ததை அவருக்கு முன்பாக வீட்டுச் சிமெண்டுத் தரைதான் கண்டுகொண்டது. வயலிலிருந்து வந்து கைகால் கழுவி, சோற்றைப் போட்டுத் தின்றுவிட்டுப் பாயை எடுக்கப் போகும்போது பார்த்தார். அடுப்படியிலிருந்து கூடம்வரை சிவப்பாகச் சொட்டுச் சொட்டாகக் கிடந்தது. வெற்றிலை எச்சிலாக இருக்கும் என்று துணியை எடுத்துத் துடைத்தார். அவர் துடைத்துக்கொண்டே போக, பின்னாலேயே புதிதாக விழுந்துகொண்டு வந்தது. அப்புறம்தான் உட்கார்ந்து காலைத் திருப்பிப் பார்த்தார். குறுவை அறுத்த வயலில் நிற்கும் தாளின் அடிக்கட்டை காய்ந்தால் ஆணிதான். அந்த ஆணி விரலின் அடியில் ஏறி, உள்ளேயே ஒடிந்திருந்தது. வலியே இல்லை. சர்க்கரை வந்ததிலிருந்து அவர் பாதத்துக்குச் சூடு, குளிர், முள் எல்லாம் ஒன்றுதான்.

வயலிலும் செருப்புப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று முன்பே ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். நன்னிலம் பக்கத்தில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள். "செருப்புக் காலோட வயல்ல எறங்கிட்டு, அந்தச் சோத்த எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுத் திங்கிறது?" என்று டாக்டரிடமே கேட்டுவிட்டு வந்தவர் அவர்.

வீட்டில் அவர் ஒருவர்தான். மனைவி பிரகதாம்பாள் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போனாள். அவள் வைத்தியத்துக்காக ஆற்றங்கரை நிலத்தை விற்றார்கள். நிலமும் போய் அவளும் போனாள். மகன் செந்தில்குமார் அப்போது சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. காரியம் முடிந்து திரும்பிப் போகும்போது சொன்னான்: "இனிமே ஆஸ்பத்திரிக்குன்னு ஒரு குழி நெலம் விக்கக் கூடாதுப்பா." சொன்னபடி அப்பா பெயரில் ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்தான். சர்க்கரை வியாதி ஏற்கெனவே இருப்பதால் அது சம்பந்தமான எதற்கும் சில வருஷம் பொறுத்துத்தான் பணம் வரும் என்றார்கள். அந்த வருஷங்களும் ஓடிவிட்டன. அட்டையில் வைரக்கண்ணுவின் படம் இருந்தது. முழிக்கிற முழியைப் பார்த்தால் திருடனைப் பிடித்துப் படம் எடுத்த மாதிரி இருக்கும்.

கும்பகோணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிதான் அந்தக் கம்பெனியின் பட்டியலில் இருந்தது. பஸ் ஏறிப் போனார். டாக்டர் தாளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, காயத்துக்குள் கம்பி விட்டுப் பார்த்தார்.

"எலும்பு வரைக்கும் போவல. பொழச்சீங்க. தெனம் கட்டு மாத்தணும். தண்ணி படக் கூடாது. இந்தக் கால ஊனவே கூடாது. ஒழுங்கா இருந்தா ஒன்றரை மாசத்துல ஆறிடும்."

சீட்டை எடுத்துக்கொண்டு காப்பீட்டு மேசைக்குப் போனார். அங்கே ஃபஹ்மிதா என்ற பெண் இருந்தாள். எந்நேரமும் காதில் போன், கையில் யாருடைய அட்டையாவது இருக்கும்.

"ஐயா, இது ஓ.பி. பாலிசியில வராது."

"என் போட்டோ கூட இருக்கேம்மா."

"போட்டோ நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க பெட்ல படுக்கணும். ஒரு நாளாவது முழுசாப் படுத்தாத்தான் கம்பெனிக்காரன் குடுப்பான்."

"படுத்துக்கறேன். வீட்டுலயும் அதத்தான் செய்யிறேன்."

அவள் சிரித்துவிட்டாள். "நீங்களா வந்து படுத்துக்க முடியாது ஐயா. டாக்டர் எழுதணும். கட்டு மாத்தறதுக்கு எதுக்குப் படுக்க வச்சீங்கன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிடுவான்."

"அப்ப எதுக்குத்தான் வரும்?"

அவளுக்குப் பின்னால் போன் அடித்துக்கொண்டிருந்தது. "வெரல எடுக்கற மாதிரி ஆனா வரும். அந்த அளவுக்குப் போக விட்றாதீங்க. ஊர்ப்பக்கமே யாருகிட்டயாவது கட்டு மாத்திக்கிங்க."

இதில் முதல் வாக்கியத்தை மட்டும் வைரக்கண்ணு ஊருக்கு எடுத்துக்கொண்டு வந்தார்.

அது முட்டாள்தனம் இல்லை. அவருக்கு அது பழகிய பாடம். சில வருஷத்துக்கு முன்னால் கார்த்திகை வெள்ளத்தில் ஊர் வயல் முழுக்க முங்கியது. எல்லாரும் கரையில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். பயிர்க் காப்பீடு எழுதியிருந்தார்கள், முழுசாக அழிந்தால் வந்துவிடும். வைரக்கண்ணுவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. பிரகதாம்பாள் கடைசியாக நாற்றுப் பிடுங்கிக் கொடுத்த பயிர் அது. வாடகைக்கு எஞ்சின் பிடித்து, வாய்க்கால் கரையை மண்மூட்டை வைத்து அடைத்து, இரவும் பகலுமாகத் தண்ணீரை இறைத்தார். பாதிப் பயிர் பிழைத்தது. அறுவடைக்கு முன்னால் அதிகாரிகள் வந்து, ஊருக்கு மாதிரியாக நான்கு இடத்தில் அறுத்து எடை போட்டுப் பார்த்தார்கள். அந்த நான்கில் ஒன்று அவர் வயலில் விழுந்தது. அங்கே கண்ட நெல், ஊர்ச் சராசரியைத் தூக்கிவிட்டது. ஊரில் சேதம் போதாது என்று ஒருத்தருக்கும் பணம் வரவில்லை. அவர் இறைத்துக் காப்பாற்றிய நெல் எஞ்சின் வாடகைக்கே காணவில்லை.

அதிலிருந்து ஊரார் அவரோடு சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. டீக்கடையில் அவர் போய் உட்கார்ந்தால் பெஞ்சில் இருப்பவர்களுக்கு ஏதாவது வேலை ஞாபகம் வரும். கல்யாணப் பத்திரிகை வரும், கொடுப்பவன் வாசலில் நின்றே கொடுத்துவிட்டுப் போவான். பக்கத்து வயல்காரர் இராஜாங்கம் மட்டும்தான் பேசுவார். அதுவும் அன்றைக்கு எல்லாரையும் விடச் சத்தமாக ஏசியவர் அவர்தான் என்பதால், ஏசித் தீர்த்துவிட்ட நிம்மதியில் பேசுவார்.

கும்பகோணத்திலிருந்து வந்த வாரம் நன்னிலத்தில் ஒரு கிளினிக்கில் காசு கொடுத்துக் கட்டு மாற்றிக்கொண்டார். ஒரு நாள் கட்டுக்கு ஒரு நடவாளின் கூலி போனது. அடுத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே காசு இல்லை. ஆனால் கட்டுப் போடுவது காலையில் மட்டும்தான், வரிசையில் நின்றே ஆக வேண்டும். காலை ஊனக் கூடாது என்ற வைத்தியத்துக்காக அந்தக் காலிலேயே நெடுநேரம் நின்றார். இரண்டாம் நாள் போகும்போது வாய்க்காலில் முறைத்தண்ணீர் வந்துவிட்டது, விட்டால் அடுத்த முறைவரை காத்திருக்க வேண்டும். குறுவைக்கு அடுத்த தாளடி நடவுக்கு வயலில் சேறு கலக்க வேண்டும், மடை திறந்துவிட ஆள் கிடையாது. கட்டின் மேல் ஒரு பாலிதீன் பையைச் சுற்றி, சணலால் கட்டிக்கொண்டு இறங்கினார். பையில் ஓட்டை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை செந்தில்குமார் வீடியோவில் வந்தான்.

"என்னப்பா, சாப்டீங்களா?"

"ஆச்சு. வெரல்ல ஒரு காயம்டா. சின்னதுதான்."

"கார்டு இருக்குல்லப்பா? கும்மோணம் போய்க் காட்ட வேண்டியதுதான?"

"காட்டிட்டேன்."

"அவ்வளவுதான், அவங்க பாத்துக்குவாங்க. ஒரு பைசா குடுக்காதீங்க. வருசா வருசம் நான் எதுக்குக் கட்டிக்கிட்டு இருக்கேன்? அம்மாவுக்கு மட்டும் அன்னைக்கு இது இருந்திருந்தா..."

அந்த வாக்கியத்தை அவன் எப்போதும் அந்த இடத்தில்தான் நிறுத்துவான். அதற்கப்புறம், கட்டு மாற்ற இது உதவாதாம், நீ தனியாகக் காசு அனுப்பு என்று ஒரு தகப்பன் எப்படிச் சொல்வது? போன் காலடிவரை இறங்காமல் முகத்துக்கு நேராகவே பிடித்துக்கொண்டு பேசி முடித்தார்.

அதற்குப் பிறகு கட்டு மாற்றவில்லை. விரல் நீலமாகி, நுனி கறுத்தது. ஈ வந்தது. அவருக்கு வலிக்காததால், யாருடைய விரலோ அழுகுவதை வேடிக்கை பார்ப்பது போல இருந்தது. தினமும் விடிந்ததும் கட்டை விலக்கிப் பார்த்து, எவ்வளவு போயிருக்கிறது என்று மனசுக்குள் மதிப்புப் போட்டார். வெள்ளத்தில் நிற்கும் பயிரைப் பார்க்கிற அதே பார்வை.

நாற்றம் வரப்பைத் தாண்டியதும் இராஜாங்கம் வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் நின்று மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

"யோவ் மச்சான், வீட்டுக்குள்ள எலி செத்துக் கெடக்கா, இல்ல நீயே செத்துட்டியான்னு பாக்க வந்தேன்."

"உள்ள வா. நான்தான்."

காலைப் பார்த்ததும் இராஜாங்கத்தின் கிண்டல் நின்றுபோனது. "கெளம்பு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"இன்னும் ஆகல."

"என்ன ஆகல?"

"பாதி வெரலுதான் போயிருக்கு. அரைச் சேதத்துக்கு அவன் குடுக்க மாட்டான். முழுசாப் போனதும் போறேன்."

இராஜாங்கத்துக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் துண்டைக் கீழே விட்டுவிட்டார்.

"இது வயலாய்யா? வெட்டி விட்டா அடுத்த பட்டத்துல முளைக்குமா?"

"வயலுக்கு எழுதினவனும் இதுக்கு எழுதினவனும் ஒரே ஆளுதான்டா. நடுவுல காப்பாத்துறவனுக்கு ஒண்ணும் கெடையாது. நீதான அன்னைக்கு மடையில நின்னு கத்துன? ஏன்டா எறைச்சே, ஏன்டா எறைச்சேன்னு."

இராஜாங்கம் குனிந்து துண்டை எடுத்தார். ஆட்டோ பிடிக்க எழுந்தார். வைரக்கண்ணு வரமாட்டேன் என்று பாயில் படுத்துக்கொண்டார். ஒரு அரைமணி நேரம் இருவரும் கத்தினார்கள். இராஜாங்கம் போய்விட்டார்.

மூன்றாம் நாள் ஜன்னி கண்டது. பிரகதாம்பாளிடம் எஞ்சினுக்கு டீசல் வாங்கி வரச் சொல்லிக்கொண்டிருந்தார். இராஜாங்கம்தான் தூக்கி ஆட்டோவில் போட்டார்.

கும்பகோணத்தில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு இராஜாங்கத்தைத் திட்டினார். சொந்தக்காரன் என்று நினைத்துக்கொண்டார். விரல் போதாது, பாதமும் போதாது, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார். வைரக்கண்ணு விரலோடு முடியும் என்றுதான் மதிப்புப் போட்டிருந்தார். அழுகல் வரப்பு பார்த்து நிற்கிற சாதி இல்லை.

"கூட யாரு இருக்கீங்க? ஆள் இல்லாம அட்மிட் பண்ண முடியாது," என்றாள் நர்ஸ்.

இராஜாங்கம் கையெழுத்துப் போட்டார். உறவுமுறை கேட்ட இடத்தில் தம்பி என்று சொன்னார். ஆபரேஷன் முடிந்து கண் விழிக்கும்வரை இருந்தார். மறுநாள் அவர் வயலுக்கு மருந்தடிக்க ஆள் வருகிறது, போயே ஆக வேண்டும். "சாயங்காலம் வர்றேன்" என்று சொல்லிப் போனவர் இரண்டு நாள் கழித்து வந்தார். அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. பயிர் காத்திருக்காது.

காப்பீட்டுக் கம்பெனி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஏசி அறை, மயக்க மருந்து டாக்டர், ஊசி, அறுத்த காலை எரித்த செலவு வரைக்கும் எல்லாவற்றுக்கும் அனுமதி வந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவரைச் சுற்றி எந்நேரமும் நாலு பேர் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வைரக்கண்ணுவின் கட்டிலுக்குப் பக்கத்தில் கூட இருப்பவருக்கான நாற்காலி காலியாக இருந்தது. இரண்டாம் நாளே அதையும் அவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

செந்தில்குமார் வீடியோவில் அழுதான். லீவு கேட்டிருப்பதாகச் சொன்னான். பொங்கலுக்குத்தான் கிடைக்கும். அழுது முடித்துவிட்டுக் கேட்டான்.

"காசு ஏதாவது கேட்டாங்களாப்பா?"

"ஒரு பைசா கேக்கல."

"நல்லவேள எடுத்து வச்சோம்," என்றான்.

"ஆமாடா. நல்லவேள," என்றார்.

வீட்டுக்கு அனுப்பும் அன்று ஃபஹ்மிதா சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குனிந்து சொன்னாள்: "ஐயா, இனிமே ரெண்டு மாசத்துக்குக் கட்டு மாத்தறதுக்கும் பாலிசியில வரும். ஆபரேஷனுக்கு அப்புறம்னா குடுப்பாங்க. பில்ல மட்டும் எடுத்து வைங்க."

வைரக்கண்ணு அவளையே பார்த்தார். "இதே கட்டா?"

"இதே கட்டுதான்."

அவர் சிரித்தார். அவளும் சிரிக்கப் பார்த்தாள், அவளுக்கு வரவில்லை. அவள்தான் அன்றைக்கு அவருக்கு அந்த வழியைச் சொன்னவள் என்பது அவளுக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ. அட்டையை இரண்டு கையாலும் பிடித்து அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

வயலை இராஜாங்கத்திடம், விளைச்சலில் பங்கு என்று பேசி, வாரத்துக்கு விட்டார். சாவியைக் கொடுப்பது போல மண்வெட்டியைக் கொடுத்தார். ஊரில் நாலைந்து பேர் வந்து பார்த்தார்கள். அவர் நெல்லைக் காப்பாற்றிய குற்றத்தைக் கால் போனதில் கழித்துக்கொண்டவர்கள் மாதிரி, உள்ளே வந்து உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஒரு வாரம் வந்தார்கள். அப்புறம் களையெடுப்பு தொடங்கிவிட்டது.

மார்கழி கடைசியில் ஃபஹ்மிதா போன் பண்ணினாள்.

"ஐயா, கட்டுக்கு வரவே இல்லையே நீங்க? ரெண்டு மாசம் முடியப் போவுது. முடிஞ்சா சும்மா போயிடும்."

"நானே மாத்திக்கறேன்ம்மா. ஒத்தக் காலோட பஸ்ஸுல ஏற முடியல. வண்டி வச்சி வந்தா வண்டிக்கு வருமா?"

"வண்டிக்கு வராது ஐயா."

"புடிச்சி ஏத்தி எறக்க ஒரு ஆளு வேணும். அந்தாளுக்கு?"

"அதுக்கும் வராது."

"சரி."

அவள் ஏதோ சொல்லத் தொடங்கினாள். பின்னால் அவளுக்கு வேறொரு போன் அடிப்பது கேட்டது. அவள் வைத்துவிடப் போகிறாள் என்று தெரிந்ததும் வைரக்கண்ணு அவசரமாகக் கேட்டார்.

"சாப்டியாம்மா?"

"இன்னும் இல்ல ஐயா. கூட்டமா இருக்கு. நீங்க?"

"இனிமேதான்," என்றார். "மீன்கொழம்பு வைக்கலாம்னு இருக்கேன். கெண்டை கெடைச்சிருக்கு. வாய்க்கால் மீனு. அத எப்படி வைக்கிறதுன்னா, மொதல்ல புளிய..."

மீன் எதுவும் வீட்டில் இல்லை. அவள் வைத்துவிட்ட பிறகும் கொஞ்ச நேரம் குழம்பைக் கொதிக்கவிட்டு, மல்லித்தழை போட்டு இறக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.