உப்புப் பார்க்காத தேக்சா

ஹபீபுர் ரஹ்மான் தொண்டையைச் செருமினார். மைக் இல்லாத இடத்திலும் மைக்கைத் தட்டிப் பார்ப்பது போன்ற செருமல் அது. கூடம் அமைதியானது. அந்த அமைதியில்தான் அடுக்களையிலிருந்து வந்த சத்தம் எல்லோர் காதிலும் விழுந்தது. டிக். டிக்டிக். டிக்.

"அது இன்னா சத்தம்?"

"மணி, சாச்சா. தேக்சா தம்முல கீது" என்றான் அமீன்.

கூடத்தின் நடுவே, வெள்ளைத் துணிக்கு அடியில், அவனுடைய அத்தா அப்துல் கய்யூம் படுத்திருந்தார். முக்கால் மணி நேரத்துக்கு முன்பு பிரியாணித் தேக்சாவை மூடி, ஓரத்தில் மைதா பூசி, அடுப்பைக் குறைத்துவிட்டு, எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவர். கீழ்த்தளத்து டாக்டர் வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பிடித்த கையை மெதுவாகத் தொடைமேல் வைத்தார். நோன்புப் பெருநாள் என்பதால் ஆளனுப்ப வேண்டிய அவசியம் இருக்கவில்லை. உறவுக்காரர்கள் எல்லோரும் சாப்பிட வந்துகொண்டிருந்தார்கள். புதுச் சட்டையும் அத்தரும் சிரிப்புமாகப் படியேறி, வாசலில் கிடந்த செருப்புக் குவியலையும் உள்ளே நிலவிய மௌனத்தையும் பார்த்து, சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள்.

கய்யூமின் மகள் மஹ்விஷ் அடுக்களை வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். உட்கார முடியவில்லை. அந்த மணியை அவளுக்குத் தெரியும். மூடியில் ஆணி அளவுக்கு ஓர் ஓட்டை, அதன்மேல் பித்தளைக் கம்பியில் கோத்த பச்சைக் கண்ணாடி மணி. ஆவி தள்ளினால் ஆடும். ஆட்டம் நின்றால் தம் முடிந்தது. மாம்பலத்தில் ரயிலடிக்குப் போகும் சந்தொன்றில் முப்பது வருடமாக நகை செய்யும் சாமான் விற்றவர் அத்தா. பாசி, முத்து, கொக்கி, வளையம், ஜிமிக்கிக் கூடு, குந்தன் கல் என்று நூற்று இருபது இழுப்பறை. புதுச் சரக்கு வந்தால் பில்லைப் பார்க்கமாட்டார். பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் கொட்டி, முழங்கைவரை கையை விட்டு அளைவார். வீட்டில் அரிசி களைவதும் அப்படித்தான். "நல்ல அரிசியும் நல்ல பாசியும் ஒண்ணும்மா. கையில எடுத்தா ஒட்டக் கூடாது, வுட்டா சலசலன்னு போவணும்" என்பார். வருடத்தில் இரண்டு பெருநாளுக்கு மட்டும் அம்மாவை அடுக்களையிலிருந்து வெளியேற்றிவிட்டு ராஜ்ஜியத்தைப் பிடித்துக்கொள்வார்.

அந்த ராஜ்ஜியத்தில் மஹ்விஷுக்கும் ஓர் உத்தியோகம் இருந்தது. இரண்டு வருடமாக ரத்தக் கொதிப்புக்காக அத்தாவுக்கு உப்பு நிறுத்தியிருந்தது. உப்பில்லாமல் பழகிய நாக்குக்கு ஒரு சிட்டிகைகூடக் கடலாகப் பட்டது. அதனால் மூடுவதற்கு முன் மசாலாவையும் உலைநீரையும் அவள்தான் ருசி பார்த்துச் சொல்ல வேண்டும்.

இன்று காலை கூப்பிட்டார். "மஹ்வி, உப்புப் பாக்க வா."

அவள் தன் அறையில் ஒரு கல்யாண ஆர்டருக்கு ஐந்து சர முத்து கோத்துக்கொண்டிருந்தாள். நான்காவது சரத்தின் நடுவில் இருந்தாள். கையை எடுத்தால் அத்தனையும் உருளும்.

"அஞ்சு நிமிஷம், அத்தா."

ஐந்து நிமிடம் இருபதாயிற்று. இரண்டாம் முறை அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டது அம்மா. அந்தக் குரலுக்கு எழுந்த வேகத்தில் சரம் உருண்டே போனது.

டிக்டிக். டிக்.

"மய்யித்து வீட்டில் மூன்று நாளைக்கு அடுப்பு எரியக் கூடாது" என்றார் ஹபீபுர் ரஹ்மான். அத்தாவின் தம்பி, குடியிருப்போர் சங்கத்தில் பதினோரு வருடச் செயலாளர். வீட்டில் பேசும்போதும் தீர்மானம் வாசிப்பதுபோலத்தான் பேசுவார். "அண்டை அயலார் சமைத்துத் தர வேண்டும். அதுதான் முறை."

"சாச்சா, இது முன்னாடியே எரிஞ்சிக்கினு இருந்த அடுப்பு."

ஹபீபுர் ரஹ்மான் யோசித்தார். ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் அடுப்பைப் பற்றி அவருடைய சங்க விதிகளில் ஒன்றும் இல்லை. "எதுவாக இருந்தாலும் அணைப்பதே உத்தமம்."

"அணைச்சிடலாம்" என்றாள் மஹ்விஷ் அவசரமாக. "அப்படியே எங்கயாவது குடுத்துடலாம். யாரும் சாப்பிட வேணாம்."

அமீன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவளுடைய கண் தேக்சாமேலேயே இருந்தது. முப்பது வருடமாகப் பெருநாள் பிரியாணிக்குப் பேர் வாங்கிய மனிதர். அவருடைய கடைசித் தேக்சா சப்பென்று இருந்ததாக நாளைக்கு ஒருவர் வாயிலிருந்தும் வரக் கூடாது.

"அரைத் தம்முல அணைச்சா அரிசி பூரா வீணாப் போவும்." உள்ளறையிலிருந்து வந்தது அம்மாவின் குரல். அஸ்மத்துன்னிசா காலையிலிருந்து பேசிய முதல் முழு வாக்கியம் அது. "அவருக்கு ஆகாது."

அப்போது வாசலோரம் நின்றிருந்த எதிர்வீட்டு ஜெயபாரதி உள்ளே எட்டிப் பார்த்தாள். திருநெல்வேலிச் சைவம், பாண்டி பஜாரில் புருஷனுக்கு ஜவுளிக்கடை. முட்டை வாங்கிய பையைக்கூட வீட்டுக்குள் விடமாட்டாள்.

"பக்கத்து வீட்லேர்ந்துதான சோறு வரணும்? பானைய எங்க வீட்டுக்குத் தூக்குங்க. அங்கன வேகட்டும். பொறவு நானே கொண்டாந்து தாரேன். முறையும் ஆச்சு."

ஹபீபுர் ரஹ்மான் அதை மனதுக்குள் இரண்டு முறை வாசித்துப் பார்த்தார். திருத்தம் ஏதும் தோன்றவில்லை. "ஏற்கப்படுகிறது" என்றார்.

தேக்சா சூடாக இருந்ததால் வெள்ளைத் துண்டுகளைச் சுற்றி நாலு பேர் தூக்கினார்கள். தாமதமாக வந்து படியேறிய ஒருவர், நாலு பேர் எதையோ வெள்ளைத் துணியோடு சுமந்து வருவதைப் பார்த்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு சுவரோரம் ஒதுங்கித் தலைகுனிந்து நின்றார். தேக்சா அவரைக் கடந்து போயிற்று. டிக். டிக்.

ஜெயபாரதி அடுப்பைப் பால்கனிக்கு மாற்றியிருந்தாள். பக்கத்தில் ஊதுபத்தி ஒன்று கொளுத்தி வைத்திருந்தாள். மரியாதைக்கா வாசனைக்கா என்று மஹ்விஷ் கேட்கவில்லை. தேக்சாவின் முன்னால் நின்றாள், பால்கனிக் கம்பியைப் பிடித்தாள், விட்டாள், மறுபடி பிடித்தாள்.

"ஆன்ட்டி, உப்புப் பாக்கல."

"யாரு?"

"நானு. கூப்பிட்டாரு. நான் போகல."

ஜெயபாரதி தேக்சாவைப் பார்த்தாள். "நான் பாத்துச் சொல்லவும் வழியில்ல. நீ வேணா தொறந்து பாரேன்."

"மணி நிக்காமத் தொறக்கக் கூடாது. நின்னாலும், எல்லாரும் உக்காந்த பெறகுதான் தொறப்பாரு. மொதல் ஆவி எல்லாருக்கும் போவணும்னு."

மணி தயங்கியது. ஒரு முறை ஆடியது. நெடுநேரம் கழித்து இன்னொரு முறை. பிறகு ஆடவில்லை. மஹ்விஷ் அடுப்பை அணைத்தாள்.

ஜெயபாரதி உள்ளே போய் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் தூள் உப்பை நிரப்பி, ஸ்பூனின் முதுகால் தட்டிச் சமப்படுத்திக் கொண்டுவந்தாள். "எதுக்கும் இத வச்சுக்கோ."

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்தது. ஆண்கள் கையில் மண் வாசனையோடு திரும்பி வந்தார்கள். காலையிலிருந்து யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. தேக்சா எதிர்வீட்டுச் சோறாக வாசல் தாண்டி உள்ளே வந்தது. கூடத்தில் விரிப்பைப் போட்டு உட்கார்ந்தார்கள். அமீன் மைதாவைக் கத்தியால் கீறி மூடியைத் தூக்கினான். ஆறிப்போயிருக்கும் என்று நினைத்தார்கள். அடியிலிருந்து கொஞ்சம் ஆவி எழுந்தது. அரிசி ஒன்றோடொன்று ஒட்டாமல் நின்றது. மஹ்விஷ் எல்லோருக்கும் பரிமாறினாள். உப்புக் கிண்ணத்தை நடுவில் வைத்தாள்.

ஹபீபுர் ரஹ்மான் செருமினார். "என் அண்ணனின் கைப்பக்குவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால்" என்று தொடங்கி, ஒரு கவளத்தை வாயில் வைத்தார்.

மென்றார். நிறுத்தினார். கண்ணைத் தட்டிலிருந்து எடுக்காமல் மறுபடி மென்றார்.

வாக்கியம் முடியவில்லை. யாரும் முடிக்கச் சொல்லவும் இல்லை. அவருடைய கை நடுவிலிருந்த கிண்ணத்தை நோக்கி நீண்டது. பாதி வழியில் நின்றது. அதைத் தொடாமல் பக்கத்திலிருந்த தயிர்ப் பச்சடியை இழுத்துக்கொண்டது.

அமீன் கிண்ணத்தை எடுத்தான். பார்த்தான். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தான். அவர் அடுத்தவரிடம் கொடுத்தார். விரிப்பைச் சுற்றி வந்து கிண்ணம் மஹ்விஷ் கைக்கே சேர்ந்தது.

"இன்னும் கொஞ்சம் வையும்மா" என்றார் ஹபீபுர் ரஹ்மான், சாதாரணக் குரலில். அப்படியொரு குரல் அவரிடம் இருந்தது அவளுக்கு இத்தனை நாள் தெரியாது.

ஒரு தட்டை உள்ளறைக்கு எடுத்துப் போனாள். இன்னொரு கையில் கிண்ணம். அம்மா இரண்டு வாய் சாப்பிட்டாள்.

"உப்பு வேணுமாம்மா?"

அஸ்மத்துன்னிசா கிண்ணத்தைப் பார்க்கவில்லை. பாயில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.

"காலைலேர்ந்து நின்னுக்கினே கீற. உக்காரு."

மஹ்விஷ் உட்கார்ந்தாள். அம்மா தட்டை இருவருக்கும் நடுவே நகர்த்தி வைத்தாள். கிண்ணம் பக்கத்தில் தரையில் இருந்தது. உப்பின்மேல் ஜெயபாரதியின் ஸ்பூன் தடம் அப்படியே இருந்தது.