தராசு பொறித்த மோதிரம்

ஹேமநாத் தேடியது வீட்டுச் சாவியை. தன்னுடையதை எங்கேயோ வைத்துவிட்டான். மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் காலை ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. மனைவி தரணி குளித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சாவியை எடுத்துக்கொள்ளலாம் என்று கைப்பையைத் துழாவியபோது, உள் ஜிப்பில் மெல்லிய தாளில் சுற்றிய மோதிரம் ஒன்று கையில் சிக்கியது.

கல் எதுவும் பதிக்காத, ஒல்லியான தங்க வளையம். அவன் வாங்கிக் கொடுத்ததல்ல. அவள் அம்மா வீட்டில் போட்டதும் அல்ல. அந்த நகைகள் ஒவ்வொன்றும் அவனுக்குத் தெரியும். போன் கேமராவைப் பெரிதாக்கி உட்புறத்தைப் பார்த்தான். நம் ஊர் நகையென்றால் முக்கோண முத்திரை இருக்கும், 916 இருக்கும், போனில் தட்டிப் பார்க்க ஆறு எழுத்துக் குறியீடு இருக்கும். இதில் அவை எதுவும் இல்லை. ஒரு தராசும் அதற்குள் 750 என்ற எண்ணும் இருந்தன. பக்கத்தில் கப்பல் நங்கூரம், அதையடுத்து ஓர் ஆங்கில எழுத்து.

குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. மோதிரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவன் வெளியே வந்துவிட்டான். அங்கேயே நின்று கேட்டிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும்.

தரணி திருப்பதியில் ஒரு நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். சித்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவாள். அவளோடு படித்த கிஷோர் என்பவன் இப்போது இங்கிலாந்தில், பர்மிங்ஹாம் என்ற ஊரில் நர்ஸாக இருக்கிறான். ஒரு காலத்தில் அவன் வீட்டார் தரணியைப் பெண் கேட்டு வந்தார்கள். ஜாதகம் ஒத்துவரவில்லை. கல்யாணமான புதிதில் தரணியே இதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். ஹேமநாத்தும் கூடவே சிரித்தான். ஆனால் அன்றிலிருந்து அந்தப் பெயர் அவன் தொண்டையில் முள்ளாக நின்றது. கல்லூரியில் அவள் பேசிய ஒரு வீடியோவுக்குக் கிஷோர் கைதட்டும் பொம்மை போட்டிருந்தான். அதற்கு ஒரு வாரம் ஹேமநாத் அவளோடு சரியாகப் பேசவில்லை. காரணம் என்னவென்று அவளும் கண்டுபிடித்துவிட்டாள். அதன்பின் கிஷோரின் பேச்சையே அவள் எடுத்ததில்லை.

அன்று மாலை வீடு திரும்பிய தரணி, பையைக் கட்டிலில் கொட்டித் தேடினாள். தலையணையை உதறினாள், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"இன்னா தேடிக்கினு இருக்க?" என்று கதவோரம் நின்று கேட்டான்.

"ஒண்ணுமில்லீங்க. பேனா."

பேனாவுக்கு யாராவது இப்படி வியர்ப்பார்களா? சட்டைப் பையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு அவன் டீ குடிக்கப் போய்விட்டான்.

மறுநாள் லீவு போட்டுத் திருப்பதிக்குப் போனான். அவனோடு பள்ளியில் படித்த உமாபதி அங்கே சின்னதாக ஒரு நகைக்கடை வைத்திருந்தான். கடைக்கு வந்திருந்த ஓர் அம்மாளிடம் தெலுங்கில் பேசி அனுப்பிவிட்டு, மோதிரத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தான்.

"இது இந்தியாவுல போட்ட முத்திர இல்ல மச்சான். நங்கூரம்னா பர்மிங்ஹாம். அங்க சோதன பண்ற ஆபீசுக்கு அதான் அடையாளம். இந்த எழுத்து வருஷத்துக்கு." போனில் எதையோ பார்த்தான். "போன வருஷம் போட்டது."

"அந்தத் தராசு?"

"அது பல நாடுங்க சேந்து ஒத்துக்கின முத்திர. ஒரு நாட்டுல சோதிச்சுத் தராசு குத்திட்டா மத்த நாட்டுல திரும்ப சோதிக்க வேணாம், அப்படியே ஏத்துப்பாங்க. நம்ம நாடு அந்த ஒப்பந்தத்துல சேரல. அதால இங்க இது வெறும் பழைய தங்கம். நாங்க சோதிச்சாத்தான் கணக்கு."

பர்மிங்ஹாம் என்ற சொல்லுக்குப் பிறகு ஹேமநாத்தின் காதில் எதுவும் சரியாக ஏறவில்லை. குளிரில் கோட்டுப் போட்ட கிஷோர் ஒரு கண்ணாடிக் கடைக்குள் நுழைவதும், தட்டுத் தட்டாகப் பார்த்து இந்த ஒன்றைப் பொறுக்கி எடுப்பதும் அவன் கண்முன் ஓடியது. தரணியின் விரல் அளவு அவனுக்கு எப்படித் தெரியும்? 

"உருக்கிடு" என்றான்.

"எதுக்குடா? நல்லாத்தான கீது?"

"பொண்டாட்டிதுதான். பழைய மாடலாம். வேற எதுனா பண்ணணுமாம்."

"போன வருஷத்து மோதிரம் பழைய மாடலா?" உமாபதி அவனை ஒரு பார்வை பார்த்தான். பிறகு மோதிரத்தை உள்ளே எடுத்துப் போனான்.

ஹேமநாத்தும் பின்னாலேயே போய் நின்று பார்த்தான். தங்கம் உருக்கும் மண்கிண்ணமான குகையில் வளையம் நெளிந்தது, சிவந்தது, ஒரு துளியாகச் சுருண்டது. தராசும் இல்லை, நங்கூரமும் இல்லை. திரும்பும் பஸ்ஸில் சந்திரகிரி தாண்டும்வரை அவன் மனம் குளிர்ந்திருந்தது.

சாயங்காலம் தரணி வந்து உட்கார்ந்ததும் அந்தத் தங்கக் குண்டை அவள் முன்னால் வைத்தான்.

"இன்னாங்க இது?"

"நீ தேடிக்கினு இருந்த பேனா."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். "உருக்கிட்டீங்களா?" என்று கேட்டபோது குரலில் கோபம்கூட இல்லை.

"யாரு குடுத்தது? சொல்லு. கிஷோரா?"

"ஆமா, கிஷோர் வாங்குனதுதான். ரேஷ்மாவுக்கு."

ரேஷ்மா அதே கல்லூரியில் வேலை பார்க்கும் பெண். வரதய்யபாளையத்துக்காரி. வீட்டில் அவளை மாமனுக்குக் கட்டிவைக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளும் கிஷோரும் பதிவுத் திருமணம் செய்துகொள்வதாக முடிவு செய்திருந்தார்கள். ஹாஸ்டல் அறையில் அத்தை மகள் கூடவே இருந்ததால் கிஷோர் அனுப்பிய மோதிரத்தை அங்கே வைக்க வழியில்லை. அதனால் தரணியிடம் கொடுத்து வைத்திருந்தாள்.

"என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"எப்படிச் சொல்றது? அந்தப் பேர எடுத்தாலே மூஞ்சத் தூக்கி வச்சுக்கினு போவீங்க." தரணி தன் கையை அவன் முன் நீட்டினாள். "ஒரு வாட்டி என் விரல்ல போட்டுப் பாத்தீங்களா? சுண்டு விரல்லகூட ஏறியிருக்காது. அது அந்தப் பொண்ணு அளவு."

 அந்த அளவை நினைத்து ஹேமநாத் எவ்வளவு வெந்துபோயிருந்தான். அவள் விரலை ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

"நீங்களே வந்து அதுகிட்ட குடுங்க. உங்களுக்காக நான் பேச மாட்டேன்" என்றாள்.

கல்லூரி கேன்டீனில் ரேஷ்மாவின் உள்ளங்கையில் அந்தக் குண்டை வைத்து, நடந்ததைச் சொன்னான். பாதியிலேயே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. குண்டை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"தராசு போட்டதாப் பாத்து கிஷோரு தேடி வாங்குச்சுங்கண்ணா. நாம எந்த நாட்டுக்கு வேலைக்குப் போனாலும் இது தங்கமான்னு ஒருத்தரும் உன்னக் கேக்க மாட்டாங்கன்னு சொல்லுச்சு."

"இதே தங்கத்துல புதுசா பண்ணித் தரேன்மா. நம்ம முத்திர போட்டுத் தரேன்."

"அது அங்க செல்லாதுங்கண்ணா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பரவால்ல, பண்ணிக் குடுங்க. நான் விக்கவா போறேன்."

உமாபதியே செய்து கொடுத்தான், கூலி வாங்கவில்லை. அடுத்த மாதம் திருப்பதி சார்பதிவாளர் அலுவலகத்தில், லீவில் வந்திருந்த கிஷோர் அதை ரேஷ்மாவுக்குப் போட்டான். தரணி சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். கிஷோர் நேராக ஹேமநாத்திடம் வந்து இரு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"மோதிரம் எங்கியோ நசுங்கிப்போச்சு, நீங்கதான் அலஞ்சு புதுசா பண்ணிக் குடுத்தீங்கன்னு ரேஷ்மா சொல்லுச்சு. ரொம்ப நன்றிங்கண்ணா."

அந்தப் பெண் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஹேமநாத் தலையை மட்டும் ஆட்டினான். கிஷோரின் கண் தரணி பக்கம் போகிறதா என்று பார்த்தான். போகவில்லை. தரணியின் கண் அவன் பக்கம் போகிறதா என்று பார்த்தான். அவள் ரேஷ்மாவின் தலையில் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நிம்மதியாக இருக்க வேண்டிய நேரம்தான். ஆனாலும் உள்ளே ஒன்று அரித்தது: இத்தனை பேர் இருக்க, தன் மோதிரம் தரணியிடம் பத்திரமாக இருக்கும் என்று கிஷோர் எதை வைத்து நம்பினான்?

மோதிரத்தை உருக்கிய நாளிலிருந்து தரணி வீட்டுக்கு வந்ததும் பையின் ஜிப்பைத் திறந்து மேசைமேல் வைத்துவிடுகிறாள். வேண்டாம் என்று அவன் இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டான். "பாத்துக்குங்க, எனக்கு வேல மிச்சம்" என்று சமையலறைக்குப் போய்விடுவாள். சண்டை எதுவும் இல்லை. சோறு போடுகிறாள், பேசுகிறாள். முன்பு கல்லூரியில் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்வாள். இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் வருகிறது.

ரேஷ்மாவின் கல்யாணம் முடிந்து ஹேமநாத்தும் தரணியும் சித்தூர் பஸ்ஸில் ஏறினார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் புறப்பட்டதும் அவள் போன் அதிர்ந்தது. வந்த செய்தியைத் தான் படிப்பதற்கு முன்பே போனை அவன் பக்கம் திருப்பிப் பிடித்துவிட்டு, வெளியே பார்க்கத் தொடங்கினாள்.

பார்க்கக் கூடாது என்று ஹேமநாத் நினைத்தான். பார்த்தான். நாளைக்கு யார் யாருக்கு எந்தத் தேர்வு அறை என்று கல்லூரிக் குழுவில் போட்டிருந்தார்கள்.