படத்துக்குப் பின்னால் ஒரு வரி

1

நெட் சரியாக வராததால் பிறந்த கதை இது. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, போனில் ஒரு புடவைக் கடையின் இணையதளத்தைத் திறந்தேன். படம் வரவில்லை. அது வரவேண்டிய கட்டத்துக்குள் ஒரே ஒரு வரி இருந்தது: ‘நீலப் புடவை, கரையில் அன்னம்.’ படம் வந்ததும் வரி மறைந்துவிட்டது. பார்வை இல்லாதவர்களின் போன் அந்த வரியைத்தான் குரலாக வாசித்துக் காட்டும் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எனக்குக் கொஞ்சம் கோணல் புத்தி. அந்த வரியில் யாராவது வேறெதையாவது எழுதி வைத்தால் கண்ணுள்ளவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்றுதான் முதலில் தோன்றியது.

2

‘அமலாவின் உலகத்தை இருள் சூழ்ந்’

வேண்டாம். அமலாவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. இருட்டு என்பது அவளுக்கு மற்றவர்கள் சொல்லிக் கேட்ட ஒரு வார்த்தை.

‘கோட்டை மலைமேல் அன்று மேகம்’

அது எனக்கு வேண்டியது, அவளுக்கு இல்லை.

இதை வைத்துக்கொள்கிறேன்: அமலா யாரையும் சட்டென்று நம்பமாட்டாள்.

அவள் செஞ்சிக்குப் பக்கத்தில் தளவானூர்க்காரி. முகத்துக்கு நேராக விரலை நீட்டி, இது எத்தனை என்று கேட்டவர்களை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். படித்து, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறாள். இணையதளங்களைப் போன் குரலில் கேட்டுக் கேட்டு, எந்தப் பொத்தானுக்குப் பெயர் இல்லை, எந்தப் படம் ஊமையாக நிற்கிறது என்று சொல்வது அவள் வேலை. செஞ்சி பஜாரில் புடவைக் கடை வைத்திருக்கும் பாலசுப்பிரமணியனின் மருமகள் பிருந்தா, இதைக் கேள்விப்பட்டு அவளைத் தேடி வந்தாள். கடைக்குப் புதிதாக இணையதளம் தொடங்கியிருந்தார்கள். படங்களுக்கு விவரம் எழுதியவள் பிருந்தா. சரிபார்க்க அமலா.

நீலப் புடவை, பச்சைப் புடவை எல்லாம் ஒழுங்காகப் பேசின. அரக்குப் புடவைக்கு வந்தபோது போன் சொன்னது: “அரக்கு நிறக் கல்யாணப் புடவை. மயில்கண் கரை. இது பட்டு இல்லை, கலப்பு நூல்.”

விரலை நகர்த்திவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தாள். அதே வார்த்தைகள். படத்துக்குக் கீழே, எல்லோரும் படிக்கிற எழுத்தில், ‘அசல் பட்டு’ என்று இருந்தது.

3

(இந்த இடத்தில் எனக்குப் பிருந்தாவின் மேல் சந்தேகம். மாமனாரிடம் சண்டை போடும் தைரியம் அவளுக்கு இல்லை என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். தைரியம் இல்லாதவள் அந்த வரியை எழுதியே இருக்கமாட்டாள்.)

அமலாவுக்கும் சந்தேகம்தான். எழுத்துப் பிழையாக இருக்க முடியாது. அப்படியானால் இது மறுபடியும் விரல் நீட்டுவதா? அமலா உண்மையிலேயே கேட்கிறாளா, சும்மா ‘சரி’ போட்டு அனுப்புகிறாளா என்று சோதிக்கிறார்களா? அல்லது பிருந்தா தன் மனசாட்சியை யார் கண்ணும் படாத இடத்தில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறாளா? மூன்றாவது எண்ணம்தான் அமலாவை அதிகமாக எரித்தது.

பிருந்தாவுக்குப் போன் செய்தாள். அரக்குப் புடவைப் படத்தில் ஒரு வரி அதிகமாகக் கேட்கிறதே என்றாள். பிருந்தா, நேரில் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் அமலாவின் தங்கை ஜெனிபர், தன் கல்யாணத்தில், மாதா கோயிலில் தாலி கட்டும்போது உடுத்தப் புடவை பார்த்துவிட்டதாகச் சந்தோஷமாகச் சொன்னாள். அதே கடை. மயில்கண் கரை, அரக்கு.

4

(வாசகர்களில் சிலர், அமலா தொட்டுப் பார்த்தே பட்டா இல்லையா என்று சொல்லிவிடுவாள் என எதிர்பார்ப்பீர்கள். அவளுக்கு அப்படி எந்த அதிசய விரலும் கிடையாது. துணியைப் பற்றி ஜெனிபருக்கு என்ன தெரியுமோ அதுதான் அவளுக்கும்.)

அக்காவும் தங்கையும் கடைக்குப் போனார்கள். தான் கேட்ட வரியைப் பற்றி அமலா தங்கையிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. பாலசுப்பிரமணியன் நாற்காலி போடச் சொன்னார். புடவையை ஜெனிபரின் தோளில் போட்டுக் காட்டினார்கள். பிருந்தா அருகில்தான் இருந்தாள். அவள் வளையல் சத்தம் கேட்டது.

“நம்ம கம்ப்யூட்டர் வேலை எப்டி இருக்குதும்மா? படம்லாம் நல்லா பேசுதா?” என்றார் அவர்.

“நீங்களே கேளுங்க ஐயா” என்று அமலா போனைச் சத்தமாக வைத்து, அந்தப் படத்தின்மேல் விரலை வைத்தாள்.

“அரக்கு நிறக் கல்யாணப் புடவை. மயில்கண் கரை.”

அவ்வளவுதான். குரல் நின்றுவிட்டது.

அமலா இன்னொரு தடவை தொட்டாள். அதே இரண்டு வாக்கியம். யாரோ மிச்சத்தை எடுத்துவிட்டார்கள். பாலசுப்பிரமணியன் மகிழ்ந்துபோய், இன்னா தெளிவா சொல்லுது பார் என்று மருமகளிடம் சொன்னார். அந்த மிச்ச வரியைக் கேட்டது அமலா ஒருத்திதான். இப்போது அவளிடம் காட்ட எதுவும் இல்லை.

5

முடிவு அ: அமலா வாயை மூடிக்கொண்டு, பிருந்தாவைக் காப்பாற்று

முடிவு ஆ: பாலசுப்பிரமணியனே மனம் திருந்தி

இரண்டையும் நான் நம்பவில்லை. நடந்திருக்கக்கூடியது இதுதான்.

“ஜெனி, இது பட்டு இல்லடி” என்றாள் அமலா.

கடையில் விலை பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். உனக்கு எப்படித் தெரியும் என்று பாலசுப்பிரமணியன் மெதுவாகத்தான் கேட்டார். ‘உனக்கு’ என்பதில் இருந்த அழுத்தம் என்னவென்று அங்கே எல்லோருக்கும் புரிந்தது.

ஜெனிபர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. தோளிலிருந்து புடவையை எடுத்தாள். மடித்தாள். மேசைமேல் வைத்துவிட்டு, அக்கா பக்கம் வந்து நின்றுகொண்டாள்.

“சொல்லும்மா. யார் சொன்னது?” என்றார் அவர் மறுபடியும்.

அமலா பெயர் சொல்லவில்லை. வளையல் சத்தம் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினாள்.

“நீங்க சொல்றீங்களாக்கா?”

6

பிருந்தாவின் பதிலை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் ‘ஆமாம்’ என்றாள். ஒன்றில் அழுதாள். ஒன்றில், எனக்கு ஒன்னும் தெரியாது மாமா என்றாள், அதுதான் மூன்றிலும் நன்றாக வந்திருந்தது. அதனாலேயே அதைக் கிழித்தேன்.

நீங்கள் இப்போது அந்தக் கடைக்குள்தான் நிற்கிறீர்கள். பிருந்தாவின் முகம் உங்களுக்குத் தெரிகிறது, அமலாவுக்குத் தெரியவில்லை. என்ன பார்க்கிறீர்கள் என்று அவளிடம் சத்தமாகச் சொல்லுங்கள்.