மேல்மாடி அணியும் கீழ்மாடி அணியும்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தொடங்கிய வீடியோ கேம் நிறுவனத்தின் வரலாற்றை இப்போதைய நிர்வாகிகள் வழவழப்பான தாளில் அச்சிட்டிருக்கிறார்கள். அதில் ஒரு வரி: “உள் அணிகள் காலப்போக்கில் மாற்றியமைக்கப்பட்டன.” அவ்வளவுதான். அந்த வரிக்குள் என் தம்பி இருக்கிறான், தங்கையின் கணவர் இருக்கிறார், இருவரும் பேசிக்கொள்ளாத வருடங்கள் இருக்கின்றன. நான் சும்மா இருப்பேனா?

2

தொடக்கம், முதல் முயற்சி: கண்களில் கனவுகளோடு ஓர் இளைஞன் கணினியின் முன்—

(அடித்துவிட்டேன். தம்பிக்குக் கனவெல்லாம் கிடையாது. பசி உண்டு, பிடிவாதம் உண்டு.)

இரண்டாம் முயற்சி: எங்கள் வீட்டு மாடியறையில் ஒரே ஓர் அணி இருந்தது. அதற்குப் பெயர் கிடையாது. இருந்ததே ஒன்று, பெயர் எதற்கு? தம்பி புரோகிராம் எழுதினான். மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், உருவங்கள் வரைந்தார். கூடமாட இன்னும் சில பையன்கள் இருந்தார்கள். ஜன்னலை மூடினால் மானிட்டர் சூட்டில் வேர்த்துக் கொட்டும், திறந்தால் வெயிலில் திரை தெரியாது. மூடியே வைத்திருந்தோம்.

3

எங்களுக்கு ஒரு வழக்கம். உருவாக்கியவன், அடுத்தவர் விளையாடும்போது பின்னால் நிற்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது. ஆடுபவர் தடுமாறும் இடம் அப்போதுதான் தெரியும். அன்று தம்பியின் கேமை மாப்பிள்ளை ஆடினார். முதல் பள்ளத்திலேயே ஹீரோ விழுந்தான். மறுபடியும் விழுந்தான்.

“என்னப்பா இது, தவளைகூட இதைவிட நல்லா தாவுமே!”

அறையே சிரித்தது. தம்பி வாயைத் திறந்துவிட்டான்.

“பட்டன் அமுக்கத் தெரியாதவங்க பொம்மை வரைஞ்சுக்கிட்டே இருக்கலாம், அத்தான்.”

மறுநாள் மாப்பிள்ளை தன் மேசையைக் கீழ்மாடிக்கு இறக்கினார். பாதிப் பேர் பின்னாலேயே போனார்கள். இரண்டாம் அணி இப்படித்தான் பிறந்தது.

(நான் முதலில் எழுதியிருந்தது: “வளர்ச்சியை முன்னிட்டு இரண்டாகப் பிரித்தோம்.” தங்கை படித்தாள்.

“ஏண்ணே, அந்த நிர்வாகிங்க மாதிரியே நீயும் பூசி மெழுகுறியே?”

“குடும்ப மானம்னு ஒண்ணு இருக்குல்ல?”

“சண்டை போட்டதுல மானம் போகலண்ணே. பேசாம இருக்காங்களே, அதுல போகுது.”)

4

கீழ் அணி எதையாவது சாதித்தால் கூச்சல் தரை வழியாக மேலே வரும். மேல் அணி வேண்டுமென்றே நாற்காலியைக் கரகரவென்று இழுக்கும். எங்கள் நல்ல கேம்களெல்லாம் அந்த இரைச்சலில் வந்தவை. பிறகு மூன்றாம் அணி, நான்காம் அணி, பெரிய கட்டடம். பிறகு புது நிர்வாகிகள் வந்து அணிகளின் எண்களை எடுத்துவிட்டார்கள்.* இப்போது ஒரு வேலைக்கு ஆள் சேர்க்கிறார்கள், முடிந்ததும் கலைத்துவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் யாரோடு போட்டி போடுகிறோம் என்றே தெரியாமல் ஒருவன்—

(இந்த வாக்கியம் புலம்பலாகப் போகிறது. நான் புலம்புகிறவன் இல்லை.)

* அன்றே தம்பி விலகினான். ‘முதல் அணி’ என்று யாரும் இல்லாத இடத்தில் அவனுக்கு என்ன வேலை?

5

நேற்று தம்பி வந்தான், தனியாகவே செய்த ஒரு கேமோடு.

“அத்தான் ஆடிப் பாக்கணும்ணே. வேற யார்கிட்டயும் காட்டல.”

மாப்பிள்ளை மறுத்தால் இவன் இனி இந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டான். எங்கள் ரத்தம் எனக்குத் தெரியாதா? தங்கை உள்ளே போய் என்ன சொன்னாளோ, மாப்பிள்ளை வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். உட்கார்ந்தார்.

முடிவு ஒன்று: இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். (எங்கள் வீட்டு ஆண்கள் அப்படியெல்லாம் செய்யமாட்டார்கள்.)

முடிவு இரண்டு: மாப்பிள்ளை எழுந்து போய்விடுகிறார். (போகவில்லை.)

நடந்தது இது. திரையில் இரண்டு உருவங்கள் நின்றன. ஒன்று மட்டும் மாப்பிள்ளையின் விரலுக்கு அசைந்தது. அவர் திரும்பாமலே கேட்டார்:

“இன்னொருத்தனை யாரு ஆட்டுறது?”

அத்தனை வருடங்களுக்குப் பிறகு தம்பியிடம் அவர் பேசிய முதல் பேச்சு. தம்பி பதில் சொல்ல வாயெடுத்தான். நான் எழுந்துபோய்க் கூடத்துக் கதவைச் சாத்தினேன்.

வெளியாருக்கு இவ்வளவு போதும். மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் கையைக் கட்டிப்போடமாட்டேன். ஒன்று மட்டும்: இருவரில் ஒருவரையும் தலைகுனிய வைத்துவிடாதீர்கள்.