பதினோராம் மாடி வெள்ளம்

இலங்கையில் புயலடித்து ஆறுகள் உடைத்த அன்று, கடல்களுக்கு அப்பால் டோர்செட் பார்க்கின் அடுக்குமாடி ஒன்றில் பதினோராம் தளத்தில், றெஜினாவின் வீட்டுக்குள் மட்டும் வெள்ளம் வந்தது. கலங்கல் தண்ணீர், அதில் வாழைச்சருகும் யாருடையதோ ஒற்றைச் செருப்பும் மிதந்தன. வாசலைத் தாண்டி ஒரு சொட்டும் வரவில்லை, கீழ்வீட்டுக் கூரையும் நனையவில்லை. தீயணைப்புக்காரர் பம்ப் வைத்து இறைத்தும் குறையாமல் போகவே, கட்டடத்துப் பொறுப்பாளர் குழாய் ஒன்றும் உடையவில்லை என்று சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனார். றெஜினா சிலாபத்துச் சிங்களக் கத்தோலிக்கப் பெண். புருஷன் றொனால்ட் முன்னாள் இராணுவக்காரர், பக்கவாதத்தில் கட்டிலோடு கிடந்தார். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அங்கேயும் கட்டிலைச் சுற்றித் தண்ணீர் ஏறியதால், மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எதிர்வீட்டு வேரோனிக்கா மன்னார்க்காரி. கடைசி யுத்தத்தில் இராணுவத்திடம் சரணடைந்த அவளுடைய தம்பி அன்புராசா இன்றுவரை திரும்பவில்லை. கீழே லொபியில் தமிழர்கள் இலங்கையின் வடக்குக்கு அனுப்ப அரிசியும் போர்வையும் சேர்த்தார்கள். றெஜினா வீட்டுக்கும் ஏதாவது செய்வோமா என்று யாரோ கேட்க, பக்கத்து வீட்டு ஜனார்த்தனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கட சனம் கஞ்சிக்கு வரிசையில நிண்டு செத்த நேரம் உவையள் வெற்றியெண்டு பாற்சோறு பொங்கினவை." ஆனாலும் வேரோனிக்கா மனம் கேளாமல் ஒரு சட்டி கஞ்சி காய்ச்சி, தன் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டுப் போய் எதிர்க்கதவைத் தட்டினாள். றெஜினா திறந்ததுதான் தாமதம், தண்ணீர் கொரிடோரைக் கடந்து வேரோனிக்காவின் வீட்டுக்குள் போனது. றெஜினாவின் வீட்டில் ஒரு சாண் இறங்கியது. வேரோனிக்கா பயந்துபோய் ஓடிவந்து தன் கதவைச் சாத்தினாள். வந்த தண்ணீர் வந்த வழியே திரும்பி றெஜினாவின் வீட்டில் ஏறியது. அன்றோடு அவளுடைய நிம்மதி போனது. இனி அந்த மனுசன் மூழ்கினால் அது வெள்ளத்தின் வேலையல்ல, தன் கதவின் வேலை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தண்ணீர் நாளுக்கு நாள் ஏறி, றொனால்டின் மெத்தை நனையும் நாள் வந்தது. வேரோனிக்கா இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய்க் கட்டிலருகே நின்றாள்.

"என்ர தம்பியைக் கண்டனீங்களோ?"

றொனால்டின் குழறலை றெஜினா தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். "நிறைய ஆக்கள், அக்கா. பஸ்ஸில ஏத்தினதாம். முகம் பாக்க இல்லையாம்."

தண்ணீர் தலையணையைத் தொட்டது. வேரோனிக்கா அழுதாள், அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "நான் உங்களை மன்னிக்கேல்லை. தண்ணிக்குத்தான் கதவைத் திறக்கிறன்," என்று சொல்லிவிட்டுப் போய்த் திறந்தாள்.

இரண்டு வீட்டிலும் முழங்கால் அளவில் நின்றது. ஜனார்த்தன் இரண்டு நாள் முறைத்துப் பார்த்தான். மூன்றாம் நாள் ஒன்றும் பேசாமல் காற்சட்டையை மடித்துக்கொண்டு தன் கதவையும் திறந்தான். பிறகு மற்றவர்கள். இப்போது அந்தத் தளத்தில் எல்லா வீட்டிலும் கணுக்காலளவு தண்ணீர் நிற்கிறது, யாரும் வீட்டுக்குள் சொக்ஸ் போடுவதில்லை, வாடகையும் வழக்கம்போலக் கூடியிருக்கிறது. வேரோனிக்கா தம்பியின் படத்தைக் கழற்றி, ஈரம் படாமல் முன்னைவிட உயர ஓர் ஆணி அடித்து மாட்டியிருக்கிறாள்.