மூச்சு திரும்பிய பிறகு

சில்வண்டுக்கு எட்டு வயது. வாய் ஓயாமல் பேசுவாள் என்பதால் அப்பா வைத்த பெயர் அது. அவளுக்கு இழுப்பு வரும் நாட்களில் மட்டும்தான் வீடு அமைதியாக இருக்கும். அந்த அமைதி யாருக்கும் பிடித்ததில்லை.

அன்று மதியம் பள்ளியிலிருந்து போன் வந்தபோது அம்மா தையல் கூடத்தில் ஒரு சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். சட்டையை ஊசிக்கடியிலேயே விட்டுவிட்டு ஓடினாள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அப்பா நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். இன்ஹேலருக்கு அடங்காத இழுப்பு. உதடு நீலம் பாரித்து, மூச்சுக்கு மூச்சு விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுந்தது. ஆக்சிஜன் வைத்தார்கள், ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். இருவரும் கட்டிலின் இரு பக்கமும் நின்று, அவள் இழுக்கும் மூச்சையெல்லாம் தாங்களும் சேர்ந்து இழுத்தார்கள்.

மூச்சு திரும்பியது. வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மா தலையணை உறை, திரைச்சீலை என்று ஒன்று விடாமல் வெந்நீரில் அலசிப் போட்டாள். அப்பா சன்னல் சட்டத்தில் படிந்திருந்த பூஞ்சையைச் சுரண்டித் துடைத்தார். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் பையனின் அப்பா குறட்டை விட்டதைச் சில்வண்டு நடித்துக் காட்ட, மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பெரிய கண்டம் ஒன்றைத் தாண்டிவிட்டோம் என்றுதான் நினைத்தார்கள்.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. காலையில் பல் தேய்க்கும்போது அவள் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. அம்மா எடுத்துக் கொடுத்தாள். மறுபடி விழுந்தது. பள்ளிக்கு மட்டம் போட இது புது நாடகம் என்று எண்ணி அம்மா அதட்டினாள்.

"நாடகம் இல்லம்மா. கை வர மாட்டேங்குது."

இடது கை தோளிலிருந்து ஈரத் துண்டு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. வலி இல்லை. கிள்ளினால் உறைத்தது, தடவினால் கூசியது. தூக்கத்தான் முடியவில்லை. அம்மா அதைத் தூக்கிப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தாள். தொப்பென்று விழுந்தது.

பக்கத்துத் தெரு டாக்டர் எங்காவது விழுந்தாளா என்று கேட்டார். இல்லை. ஆஸ்பத்திரியில் போட்ட ஊசிதான் நரம்பில் பட்டிருக்க வேண்டும் என்று அம்மா அடித்துச் சொன்னாள். அவளுக்கு அதில் கொஞ்சம் தெம்பும் வந்தது, போய்ச் சண்டை போட ஓர் இடம் கிடைத்ததே என்று. ஊசியெல்லாம் போட்டது வலது கையில் என்று அப்பா மெதுவாக நினைவுபடுத்தினார்.

பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள், முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். பார்க்க வந்த தாய்மாமன், ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, நல்லவேளை இடது கைதானே என்றான். அவள் எழுதுவது, சாப்பிடுவது, பந்து எறிவது எல்லாமே இடது கையால்தான் என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது.

"அவளுக்கு அதுதான்டா சோத்துக்கை," என்றாள் அம்மா.

நரம்பு டாக்டர் இளவயதுப் பெண். அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்து நிதானமாகச் சொன்னாள். தசையை அசைக்கச் சொல்லி உத்தரவு அனுப்பும் செல்கள் முதுகுத்தண்டுக்குள் இருக்கின்றன. இவளுக்கு அவற்றில் சில கெட்டுப்போயிருக்கின்றன. கடுமையான ஆஸ்துமா வந்து அடங்கிய பிறகு, வெகு அபூர்வமாக, குழந்தைகளுக்கு இப்படி ஒரு கையோ காலோ விழுந்துவிடுவது உண்டு. பார்க்கப் போலியோ மாதிரியே இருக்கும், ஆனால் போலியோ இல்லை. ஏன் வருகிறது என்று இன்னும் சரியாகத் தெரியாது.

"நாங்க முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா?" என்று அப்பா கேட்டார்.

"எப்ப வந்திருந்தாலும் இதேதாங்க. யார் மேலயும் தப்பு இல்ல."

தப்பு இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. தப்பென்றால் திருத்தலாம். அதுவும் முடியாவிட்டால் திட்டவாவது செய்யலாம்.

"சரியாயிடுமா டாக்டர்?"

"கொஞ்சம் வரலாம். முழுசா வரும்னு என்னால சொல்ல முடியலைங்க." மருந்து ஏற்றிப் பார்ப்போம், பயிற்சி கொடுப்போம் என்றாள்.

மருந்து ஏறியது. பயிற்சியும் நடந்தது. மாதங்கள் போகப்போக விரல்கள் மடங்கின, மணிக்கட்டு லேசாக நிமிர்ந்தது. தோள் மட்டும் அசையவே இல்லை. தையல்காரியான அம்மாவுக்கு அளவுநாடா வேண்டியிருக்கவில்லை. இடது கை இளைத்துக்கொண்டே போவது பள்ளிச் சட்டையை மாட்டிவிடும்போதே அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் துணி தொளதொளவென்று ஆடியது. பிடித்துத் தைத்துவிடலாம், கால் மணி நேர வேலை. தைத்துவிட்டால் அது அப்படியே இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று விட்டிருந்தாள். கடைசியில் பள்ளியில் பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று சில்வண்டே கேட்டாள். அன்று தைத்தாள்.

மகள் வலது கையால் எழுதப் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, அப்பா கடையில் யாருமில்லாத நேரம் மாற்றுக் கையால் கண்ணாடி வெட்டிப் பார்த்தார். தனக்கு வந்தால் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமே என்றுதான். கோடு கோணிக்கொண்டு போய் நல்ல கண்ணாடி ஒன்று வீணானது. வீட்டில் அவள் எழுத்துகள் சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. பென்சிலை வீசி எறிந்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவர் பென்சிலைத் தேடி எடுத்துச் சீவி வைத்தார்.

குளிர் தொடங்கியதும் மறுபடி இழுப்பு வந்தது. இந்த முறை அவ்வளவு கடுமையில்லை. மாஸ்க் வைத்ததும் சாயங்காலத்துக்குள் அடங்கிவிட்டது. கை விழுவது திரும்ப வராது என்றே சொல்லலாம் என்று நரம்பு டாக்டர் போனில் சொன்னாள். வரவே வராது என்று மட்டும் சொல்லவில்லை.

அடுத்த நாள் முதல் அம்மா வேலைக்குப் போகவில்லை. சாப்பிடும்போது, படிக்கும்போது, குளித்துவிட்டு வந்ததும் என்று, நினைத்த நேரமெல்லாம் வலது கையைத் தூக்கச் சொன்னாள். அப்பாவும் கடையிலிருந்து போன் பண்ணி, தூக்கினாளா என்று கேட்டார்.

"தூக்கித் தூக்கி இந்தக் கையும் வலிக்குதும்மா," என்றாள் சில்வண்டு.

"இன்னும் ஒரே ஒரு தடவ, கண்ணு."

அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு தூக்கினாள். அம்மா இமைக்காமல் பார்த்தாள். போதும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.